முதலில் கேட்டவர்

கோயம்புத்தூரில் அந்த வருடம் ஓடிய மின்சார ஆட்டோக்களில் பாதிக்கு மேல் ஜெசிந்தா செய்த ஒலியோடுதான் ஓடின.

மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும். நடந்துபோகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால், மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு வண்டியும் ஏதாவது ஓர் ஒலி எழுப்பியே தீரவேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த ஒலியை உண்டாக்கிக் கொடுப்பது ஜெசிந்தாவின் தொழில். போத்தனூரில் ஒரு வாடகை வீட்டின் உள்ளறையில், சுவர் முழுக்கப் பஞ்சுத் தகடு ஒட்டி, தனியாளாகச் செய்துகொண்டிருந்தாள். எந்தக் கம்பெனியிலும் அவள் சம்பளத்துக்கு இல்லை. வேலை வந்தால் உண்டு.

'தும்பி' என்ற ஆட்டோவுக்கு அவள் செய்தது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தாழ்ந்த 'ரூ'வில் தொடங்கி, ஏதோ கேள்வி கேட்பதுபோல மேலே ஏறி, முடியும் இடத்தில் நாக்கை மேலண்ணத்தில் தட்டியதுபோல ஒரு சின்ன 'டிக்'. அந்த டிக்கைக் கேட்டுத்தான் ஆட்கள் ஒதுங்கினார்கள். எரிச்சலோடு இல்லை, சும்மா, கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல. உக்கடத்தில் தெருநாய்கள்கூட தும்பியைத் துரத்துவதில்லை என்று ஒரு டிரைவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடத் தொழிலில் இப்படி ஒன்று அமைந்தது இதுதான் முதல் தடவை.

நவம்பரில் நோட்டீஸ் வந்தது.

அனுப்பியது 'செவி' என்ற ஒலிக் களஞ்சியம். தும்பியின் ஒலி தங்களுக்குச் சொந்தமானது என்றும், அவள் அதைப் பதிவுசெய்ததற்கு நாற்பத்தேழு நாள் முன்பே அது தங்களிடம் பதிவாகியிருக்கிறது என்றும் அதில் இருந்தது. இடம்: வால்பாறை மலைச்சாலை, முப்பத்தேழாம் வளைவு. நாள்: மார்ச் நான்கு. காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்.

ஜெசிந்தா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு ஹபீபாவைக் கூப்பிட்டாள்.

ஹபீபா கோட்டைமேட்டுக்காரி, கல்லூரித் தோழி. இருவரும் சேர்ந்துதான் ஒலிப்பொறியியல் படித்தார்கள். பிறகு ஹபீபா சட்டத்துக்குப் போய், தனியாகத் தொழில் செய்யும் ஓவியர்கள், இசைக்காரர்கள், எழுத்துரு செய்கிறவர்கள் இவர்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். நோட்டீசோடு வந்த ஒலித்துண்டை இருவரும் போட்டுக் கேட்டார்கள்.

ரூ... டிக்.

"அச்சு அசலா உன்னோடதுதான்" என்றாள் ஹபீபா.

"நான் வால்பாறைக்கே போனதில்லையேடீ. ஸ்கூல் டூர்லகூட ஆழியார் டேமோட திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

"நீ போனியா இல்லையாங்கறது அவங்களுக்குத் தேவையே இல்ல. மூலமானி என்ன சொல்லுதுன்னுதான் பாப்பாங்க."

மூலமானி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எந்த ஒலியைக் கொடுத்தாலும், எந்தப் படத்தைக் கொடுத்தாலும், உலகத்தில் இடமும் நேரமும் மாற்ற முடியாதபடி முத்திரை வைத்துப் பதிவான எல்லாவற்றிலும் தேடி, அது முதன்முதலில் எங்கே, எப்போது தென்பட்டது என்று சொல்லிவிடும். திருட்டைப் பிடிக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் தனித்தொழில்காரர்கள்தான் அதிகம் கொண்டாடினார்கள். ஜெசிந்தாவும் கேக் வெட்டினாள்.

"என் கம்ப்யூட்டர்ல எல்லா வெர்ஷனும் தேதியோட இருக்கு. ஜனவரியிலேருந்து இருக்கு."

"கம்ப்யூட்டர் தேதிய யாரு வேணா மாத்தலாம்னு மூல உரிமை மன்றம் ஏத்துக்காது. முத்திரைப் பதிவுதான் சாட்சி. செய்யறதையெல்லாம் முத்திரையோட பதியற, சட்டைல குத்திக்கற பட்டன் உனக்கு வாங்கிக் குடுத்தேனே, 'சாட்சி'ன்னு. அத எங்க?"

ஜெசிந்தா மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். நகவெட்டிக்கும் பழைய ரிமோட்டுக்கும் நடுவில் அது கிடந்தது.

"அது பாத்துக்கிட்டே இருக்கறப்போ எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது ஹபி. வாயால ஏதாச்சும் கேவலமா சத்தம் போட்டுப் பாக்கணும்னா கூச்சமா இருக்கு. நாலு நாள் போட்டேன். அப்புறம் கழட்டிட்டேன்."

ஹபீபா திட்டவில்லை. அவளுடைய கட்சிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் பதில் அது.

"சரி, தோத்தா என்ன ஆகும்?"

"ஒலி அவங்களுக்குப் போயிரும். அது பரவால்ல. உன்னை 'நகலர்' பட்டியல்ல போட்டுருவாங்க. அஞ்சு வருஷத்துக்கு உன் பேர்ல எதையும் பதிய முடியாது. பதியாத வேலைய எவனும் வாங்க மாட்டான்."

ஜெசிந்தா ஒலித்துண்டை மறுபடி போட்டாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பின்னணியில் நீர் சொட்டுகிறது. தூரத்தில் ஏதோ ஒரு குரங்குக் கூட்டம். நடுவில் அவள் செய்த ஒலி.

"அந்தக் காட்டுக்குள்ள காலைல ஆறு மணிக்கு யாருடீ இதைச் சொன்னது?" என்றாள். பயத்தைவிட அதுதான் அவளை அதிகம் அரித்தது.

*

வழக்குத் தொடுக்கப்பட்டவர், பதிவான இடத்தை ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று சட்டத்தில் இடமிருந்தது. யாரும் போவதில்லை. ஜெசிந்தா போனாள். பொள்ளாச்சியில் பஸ் மாறி முப்பத்தேழாம் வளைவில் இறங்கியபோது, செவி நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவர் மழைக்கோட்டோடு காத்திருந்தார். பெயர் சுடலைமணி. அம்பாசமுத்திரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மலையில் நிறுவனம் கட்டிவைத்திருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு மைக்குகளுக்கும் பேட்டரி மாற்றுவது அவர் வேலை.

"பாத்து வாங்க மேடம். அட்டை ஏறிரும். காலுல உப்பு தேச்சிக்கிடுங்க."

சாலையிலிருந்து நாற்பதடி தள்ளி, சோலையின் ஓரத்தில் ஒரு பெரிய மரத்தில் அந்த மைக் இருந்தது. உள்ளங்கை அளவு, பாசி படிந்து மரத்தோடு மரமாகியிருந்தது.

"எதுக்குங்க காட்டுல இவ்வளவு மைக்?"

"யாரும் பண்ணாத சத்தம்னு ஒண்ணு இருக்குல்லா மேடம். காத்து, மழ, தவள, பூச்சி. அத யாரு மொதல்ல பதியுதாவளோ அவுகளுக்குச் சொந்தம். சினிமாக்காரன் மழச் சத்தம் வேணும்னா இவுககிட்டதான் வாங்கணும். எங்க ஊரு ஆத்துலயும் மாட்டிட்டாங்க. படித்துறைல தண்ணி அலம்புத சத்தம் இப்ப கம்பெனியோடது." அவர் சிரித்தார். "குளிக்கதுக்கு இன்னும் கேஸு போடல."

அவள் நோட்டீசில் இருந்த ஒலித்துண்டை அவருக்குப் போட்டுக் காட்டினாள். அவர் பாதியிலேயே தலையை ஆட்டினார்.

"அட, இவனா! செத்த உக்காருங்க. வருவான்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் நின்றது. மேல் கிளையில் ஒரு கருப்புப் பறவை வந்து அமர்ந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. வாலின் இரண்டு முனையிலும் நீண்ட கம்பி, கம்பியின் நுனியில் சின்னத் துடுப்புபோல் ஓர் இறகு.

"துடுப்புவால் கரிச்சான். எவன் சத்தத்தையும் பேசுவான்" என்றார் சுடலைமணி கிசுகிசுப்பாக.

கரிச்சான் முதலில் கழுகுபோலக் கத்தியது. பிறகு அணில். பிறகு தேயிலை ஃபேக்டரிச் சங்கு, சின்னதாக. பிறகு, எந்த அறிவிப்பும் இல்லாமல், 'ரூ' என்று தொடங்கி மேலே ஏறி, டிக் என்று முடித்தது.

ஜெசிந்தாவின் கை தன்னையறியாமல் வாயைப் பொத்தியது. தன் அறைக்குள் இரண்டு மாதம் இழைத்த ஒன்றைக் காட்டில் ஒரு பறவை இவ்வளவு அலட்சியமாகச் சொல்லும் என்று அவள் நினைத்ததில்லை. அழகாகவும் சொன்னது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

"இது இதோட சொந்தச் சத்தமா அண்ணே? நான்தான் இதை எங்கேயாவது கேட்டுட்டு என்னோடதுன்னு நினைச்சுக்கிட்டேனா?"

சுடலைமணி சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து அணைத்து மழைக்கோட்டுக்குள் வைத்தார். மரத்திலிருந்த மைக்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைச் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் தேயிலைச் சரிவின் அடியில் ஓடை இரையும் இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"பிப்ரவரில ஒரு மூணு சக்கர வண்டி வந்துச்சு. கருப்புத் துணி சுத்தி, பேரு தெரியாம. தினசரி ஏறுவானுவ, எறங்குவானுவ. இந்த வளைவுல நிறுத்தி மோட்டார ஆற வைப்பானுவ. திரும்ப எடுக்கையில இந்தச் சத்தந்தான். மூணு வாரம். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவ. கரிச்சான் மேல உக்காந்து பாத்துக்கிட்டே கெடக்கும்."

"இதை மன்றத்துல சொல்வீங்களா?"

"மேடம், எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. நான் சொல்லல. நீங்களும் கேக்கல." அவர் கைகூப்பவில்லை, ஆனால் குரல் கைகூப்பியது. "அந்த வண்டிக்காரங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

தெரிந்தது.

*

தும்பியைத் தயாரிப்பவர் கோதண்டம். கணபதியில் தொழிற்சாலை. தொடக்கத்தில் பம்ப்செட்டுக்கு மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தவர், இப்போது இருநூறு பேருக்கு வேலை கொடுக்கிறார். ஜெசிந்தா உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"வாங் மேடம், உக்காருங். நோட்டீஸ் விசயம் கேள்விப்பட்டனுங். சங்கடமாப் போச்சு."

"பிப்ரவரியில தும்பியை வால்பாறைக்கு ஏத்தினீங்களா?"

அவர் உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த ஸ்க்ரூ ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"யாரு சொன்னாங்?"

"யாரும் சொல்லலை. ஒரு பறவை சொல்லுச்சு."

அவள் தான் கேட்டதைச் சொன்னாள், சுடலைமணியை மட்டும் விட்டுவிட்டு.

"ஏத்துனமுங். மலையில மோட்டாரு தாங்குதான்னு பாக்கோணும்ல. நீங்க மொதல்ல அனுப்புன சாம்பிள்தான் போட்டிருந்தோம். பதியாத சத்தத்தோட ரோட்டுல வண்டி ஓட்டுறது குத்தமுங். வெளிய தெரிஞ்சா டெஸ்ட் லைசென்ஸ் போயிரும். அடுத்த மாடல் ரெடியாயி நிக்குது. இருநூறு பேரு மேடம்."

"எனக்கு என் பேரு ஒண்ணுதான் சார் இருக்கு. அது நகலர் பட்டியல்ல ஏறிடும்."

"தெரியுதுங்." உண்மையிலேயே தெரிந்த முகமாகத்தான் இருந்தது. "உங்க சாம்பிளத் திருடோணும்னு பண்ணலீங். நல்லா இருந்துச்சு, அவசரத்துல போட்டுட்டம். நல்லா இருந்ததாலதான், திரும்பி வந்ததும் உங்களுக்குப் போன் போட்டு அந்த டிக்கு வைக்கச் சொன்னேன்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"மார்ச்சு பன்னண்டாந்தேதி போன் பண்ணுனனே. 'எல்லாம் சரிங் மேடம், கடசீல மட்டும் டிக்குன்னு ஒண்ணு வச்சா நல்லாருக்கும்'னு. நீங்ககூட ஏன்னு கேட்டீங்."

கேட்டிருந்தாள். எங்கேயோ கேட்ட மாதிரி மனசுல நிக்குதுங் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் அன்று மாலையே உட்கார்ந்து டிக்கைச் செய்தாள். ஒலி முழுமையடைந்தது அப்போதுதான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அது அவளுடையதாகவே ஆகிவிட்டது. பேட்டி கொடுத்தபோதுகூட டிக் எப்படித் தோன்றியது என்று ஒரு கதை சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"மலையில ஓட்டினப்போ உங்க வண்டியில டிக் கிடையாது, இல்லையா?"

"கிடையாதுங். நீங்க அப்புறந்தானே பண்ணுனீங்."

"அப்போ நீங்க எங்க கேட்டீங்க?"

கோதண்டம் ஸ்க்ரூவை உருட்டுவதை நிறுத்தினார். "தெரியலீங்" என்றார். "மரத்தடியில டீ குடிச்சிட்டு நிப்போம். அப்ப எங்கியோ..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடந்தது என்னவென்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வண்டியிடம் பறவை கற்றது. கற்றதோடு நிற்காமல் ஒலியின் வாலில் ஒன்றைச் சேர்த்தது. கேட்கிறோம் என்று அறியாமலே அதைக் கேட்ட மனிதர் மலையிறங்கி வந்து அவளிடம் சொன்னார். அவள் சேர்த்தாள்.

கோதண்டம் முதலில் சிரித்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாள் குடுங் மேடம். வீட்டுல பேசிட்டுச் சொல்றன்" என்றார்.

*

மூல உரிமை மன்றத்தின் கோவைக் கிளை ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கியது. தலைமை அதிகாரி ஞானசௌந்தரி கண்டிப்பானவர் என்று பெயர். செவியின் வழக்கறிஞர் சக்கரபாணி நல்ல மனிதர். காத்திருக்கும்போது ஹபீபாவுக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு இப்படிப் பதினைந்து வழக்கு பார்ப்பதாகவும், நோட்டீஸ் அனுப்புவதே மெஷின்தான், தனக்குப் பெயர்களே தெரியாது என்றும் சொன்னார்.

விசாரணை தொடங்கிப் பத்து நிமிடத்தில் கோதண்டம் வந்தார். கையில் மலைச்சோதனைப் பதிவேடு. பிப்ரவரி பதினேழிலிருந்து மார்ச் பத்து வரை எந்த நேரம் எந்த வளைவு என்று எழுதியிருந்தது. வண்டியில் போட்டிருந்தது ஜெசிந்தா அனுப்பிய சாம்பிள்தான் என்றும், குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, ஜெசிந்தாவைப் பார்க்காமல் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஹபீபா எழுந்தாள். "அந்த மைக் நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்குது அம்மா. மார்ச் நாலாம் தேதித் துண்டை மட்டும் செவி வெட்டி மூலமானிக்குக் கொடுத்திருக்காங்க. முழுப் பதிவையும் ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. அதுவும் முத்திரைப் பதிவுதான். அதையே எங்க சாட்சியா கேக்கறோம்."

இரண்டு வாரம் கழித்து அந்தப் பதிவை மன்றத்தில் போட்டார்கள்.

பிப்ரவரி பதினேழு. சாலையிலிருந்து மெல்லியதாக, தும்பியின் ஒலி. டிக் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. நாளுக்கு முப்பது தடவை. மூலமானி ஒவ்வொன்றையும் வண்டியினுடையது என்று அடையாளம் காட்டியது. பிப்ரவரி இருபத்தாறு, விடிகாலை, மைக்குக்கு மிக அருகில் ஒரு கரகரப்பு. 'ரூ'வை ஆரம்பித்துப் பாதியில் உடைந்தது. மறுபடி. மறுபடியும் உடைந்தது. கோபித்துக்கொண்டதுபோல ஒரு கீச்சு. மன்றத்தில் யாரோ சிரித்தார்கள். ஞானசௌந்தரி சிரித்தவரைக் கண்டிக்கவில்லை.

இருபத்தேழில் கொஞ்சம் தேறியது. மார்ச் ஒன்றில் முழுதாக வந்தது. இரண்டில், முடிவில் ஒரு சீழ்க்கை சேர்த்துப் பார்த்தது. பிறகு அதை விட்டுவிட்டது. மூன்றாம் தேதி கிளையை அலகால் தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான்காம் தேதி காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்: ரூ... டிக்.

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் பதிவுக்கு முன்பே வண்டியில் இந்த ஒலி இருந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை" என்றார்.

ஞானசௌந்தரி தாளை இழுத்துக்கொண்டார். "அப்படியென்றால் ஒலி முழுவதும் பதிவுதாரர் ஜெசிந்தாவுக்கே உரியது என்று..."

ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். ஹபீபா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வாய் அசையாமல், "உக்காரு. ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

"முழுவதும் இல்லைங்க அம்மா" என்றாள் ஜெசிந்தா. "அந்த டிக் நான் பண்ணினது இல்லை."

மன்றத்தில் யாருக்கும் அது உறைத்திருக்கவில்லை. பிப்ரவரிப் பதிவில் டிக் இல்லை என்பதை எல்லாரும் கேட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் மார்ச் பன்னிரண்டு தொலைபேசி அழைப்பைச் சொன்னாள். கோதண்டம் பின் பெஞ்சிலிருந்து எழுந்து ஆமாம் என்றார்.

சக்கரபாணி உடனே எழுந்தார். அது அவர் வேலை. "அப்படியானால் அந்தக் கடைசிப் பகுதி எங்களுடையது. பிரிவு ஒன்பது. மனிதர் ஆக்காத ஒலியை முதலில் கேட்டுப் பதிந்தவருக்கு உரிமை. பறவை சேர்த்ததை முதலில் பதிந்தது செவிதான். பதிவுதாரரே அதை ஒப்புக்கொண்டுவிட்டார்."

ஹபீபா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞானசௌந்தரி சட்டப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பிரித்தார். விரலை வைத்துப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி உரக்கப் படித்தார்.

"'ஆக்கியவர் இல்லாத, அல்லது ஆக்கியவர் இன்னாரென்று அறிய இயலாத ஒலி.' இப்படித்தான் இருக்கிறது, சக்கரபாணி. மனிதர் என்ற சொல்லே இதில் இல்லை."

"வழக்கமாக அப்படித்தான் பொருள் கொள்கிறோம் அம்மா. பறவை, காற்று, மழை எல்லாம் ஒன்றுதான்."

"காற்று ஒத்திகை பார்க்காது." அவர் புத்தகத்தை மூடினார். "ஏழு நாள் பதிவை இப்போதுதான் கேட்டோம். தப்பாகச் சொல்லிப் பார்த்தது. திருத்திக்கொண்டது. சீழ்க்கையை வைத்துப் பார்த்து வேண்டாமென்று எடுத்தது. இதே வேலையை இந்தம்மா செய்திருந்தால் ஆக்கியவர் என்று எழுதியிருப்போம். ஆக்கியவர் இல்லை என்று என்னால் எழுத முடியாது. இன்னாரென்று தெரியாது என்றும் எழுத முடியாது. குரலே உங்கள் பதிவில்தான் இருக்கிறது."

"ஆனால் பறவைக்கு உரிமை கொடுக்க முடியாதே!"

"கொடுக்கவில்லை. உங்களுக்கும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்."

தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். 'ரூ' ஜெசிந்தாவுக்கு. டிக் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் பயன்படுத்தலாம். ஆக்கியவர் என்ற கட்டத்தில் 'துடுப்புவால் கரிச்சான், முப்பத்தேழாம் வளைவு' என்று எழுதினார்கள்.

*

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவை என்று சொல்ல முடியாது. கோதண்டத்தின் சோதனை உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். ஆட்களை அவர் விடவில்லை. ஆனால் அடுத்த மாடலின் ஒலி வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். போனில் மரியாதையாகவே சொன்னார்: "மனசுல ஒண்ணுமில்லீங் மேடம். கொஞ்ச நாள் போகட்டும்." அவள் சரி என்றாள். மற்ற கம்பெனி ஆட்டோக்களும் டிக்கை வைத்துக்கொண்டன. இப்போது அவினாசி சாலையில் நின்றால் டிக்கை மட்டும் கேட்டு எது தும்பி என்று சொல்வது கஷ்டம்.

செவிக்குத்தான் பெரிய தொந்தரவு. பிரிவு ஒன்பதில் அவர்கள் பதிந்து வைத்திருந்த பறவை ஒலிகள் மட்டும் மூன்று லட்சம். ஒவ்வொன்றிலும் யாராவது எழுந்து, "இது கற்றுக்கொண்டதா, ஒத்திகை பார்த்ததா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சுடலைமணிக்கு வேலை அதிகமாகிவிட்டது. நேரம் கிடைக்கும்போது கூப்பிடுவார். "இப்பம் பேட்டரிய மட்டும் மாத்தினா போதாதாம் மேடம். எவன் எவங்கிட்ட படிச்சாம்னு நோட்டு எழுதச் சொல்லுதாங்க. சம்பளம் அதேதான்" என்பார். புகார் சொல்கிறவர் குரலாக அது இல்லை.

மன்றமும் பதிவுப் படிவத்தை மாற்றியது. மூன்றாம் பக்கத்தில் புதிதாக ஒரு கேள்வி வந்தது: 'இதை ஆக்குவதற்கு முன் நீங்கள் யாரிடமிருந்து, எதிலிருந்து கேட்டவை இதில் உண்டு?' கீழே மூன்று கோடு.

அடுத்த ஏப்ரலில் ஜெசிந்தா ஒரு மருத்துவமனைக்காக ஒலி ஒன்று செய்து முடித்தாள். படுக்கையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் அறையில் கேட்க வேண்டியது; அவசரமும் தெரியவேண்டும், மற்ற நோயாளிகள் பதறவும் கூடாது. நான்கு மாத வேலை. படிவத்தோடு பதிவு அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.

முதலில் ஒன்றுமில்லை என்றுதான் எழுதப்போனாள். பேனா வைத்த பிறகு கை நின்றது. மாடி வீட்டுக்காரர் ஸ்பூனால் டம்ளரில் சர்க்கரை கலக்கும் சத்தம். எழுதினாள். சர்ச்சில் பலிபூசையின்போது அடிக்கும் சின்ன மணியின் இரண்டாம் அதிர்வு. எழுதினாள். பிறகு அந்த இறங்கு சுரம், இரண்டு படியாக விழும் அது? அது எங்கிருந்து வந்தது?

கால் மணி நேரம் யோசித்தாள். சிங்காநல்லூர் பஸ்ஸில் வரும் பெண் கண்டக்டர். "எறங்குங், எறங்குங்" என்று சொல்லும்போது இரண்டாவது சொல் ஒரு படி கீழே விழும். யாரையும் விரட்டாத குரல். இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் குரல் சொல்லித்தான் அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

பெயர் தெரியாது.

"பேர் தெரியலைன்னா என்ன எழுதறது?" என்று கவுண்டரில் கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து எழுதுங்க. இன்னிக்கு இப்படிக் கேட்டவங்கள்ல நீங்க ஒம்பதாவது ஆளு" என்றார் எழுத்தர். "படிவம் எங்கேயும் ஓடிராது."

அவள் தாள்களை உறையில் போட்டுக்கொண்டு இறங்கி, எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். இரண்டு பஸ்ஸை விட்டாள். மூன்றாவதில் அந்தக் கண்டக்டர் இருந்தார். உட்கார இடமிருந்தும் ஜெசிந்தா படிக்கட்டுப் பக்கமாகவே நின்றுகொண்டாள். டிக்கெட் வாங்கிய பிறகும் நகரவில்லை.

"உங்க பேரு என்னங்க?"

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குங்? நான் சில்லற சரியாத்தானே குடுத்தேன்?"

"குடுத்தீங்க. இது வேற. ஒரு இடத்துல உங்க பேரை எழுதணும். சொன்னா நம்புவீங்களான்னு தெரியலை."

பஸ் திருச்சி சாலையில் திரும்பியது. கண்டக்டர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கம்பியில் சாய்ந்து, முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

"சொல்லுங், கேப்போம்" என்றார்.